கியர் பாக்ஸ் ஏறும் நேரம்

கோட்டக்குப்பத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையோர ஒர்க்ஷாப் ஒன்றில் டாடா நானோவின் கியர் பாக்ஸை இறக்கி ஏற்றுவதை நாள் முழுக்கப் பார்த்தேன். 2009-ல் விற்பனைக்கு வந்து, 2018-ல் தயாரிப்பு நின்றுபோன கார். 624 சிசி, இரண்டு சிலிண்டர் இன்ஜின் பின்சீட்டுப் பக்கம். அதோடு ஒட்டியே கியர் பாக்ஸ். முன்னால் திறந்தால் ஸ்டெப்னிதான் இருக்கும்.

மெக்கானிக் பாய் முதலில் கழற்றியது ஆயில் ஊற்றும் மூடியை. அது கழன்ற பிறகுதான் வடிக்கும் போல்ட்டில் கை வைத்தார். பழைய ஆயிலை வடித்த பின் ஊற்றும் வாய் திறக்கவில்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். மரக்காணத்தில் உப்பு விளைவிக்கும் இந்தக் கடலோரக் காற்று போல்ட்டுகளையும் விடுவதில்லை. எண்ணெய் விட்டு ஊறவைத்து, டீ குடித்துவிட்டு வந்து, கொஞ்சம் முறுக்கி, கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி முறுக்கி... இந்தப் பொறுமையைத்தான் நான் தொழில் என்பேன்.

ஏற்றும்போதுதான் அழகே. புதுக் கிளட்ச் பிளேட்டை டம்மி ஷாஃப்ட் விட்டு நடுவாக நிறுத்தினார். ஜாக்கி மேல் கியர் பாக்ஸ் எழுந்தது. ஷாஃப்ட்டின் பற்கள் பிளேட்டோடு சேர மறுத்தன. போல்ட்டை முறுக்கி இழுத்தால் பிளேட் கெட்டுவிடும்.

"தம்பி, கியர்ல போட்டிருக்கேன். கிராங்க் புல்லியை மெதுவா திருப்பு."

பையன் திருப்பினான். மயிரிழை அளவுதான். கியர் பாக்ஸ் வழுக்கிக்கொண்டு உள்ளே போய், இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. பாய் விளிம்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, முதல் போல்ட்டைக் கையாலேயே ஏற்றினார்.