நாணயமும் நேர்மையும்: அமெரிக்க நாவல் மாந்தரின் அறவளர்ச்சி குறித்து ஒரு நோக்கு

தமிழில் 'நாணயம்' என்னுஞ் சொல் காசையுங் குறிக்கும். ஒருவரது நேர்மையையுங் குறிக்கும். நாணயமானவர் என நாம் ஒருவரைச் சுட்டும்பொழுது, வாங்கிய கடனைத் தவணை தவறாது தீர்ப்பவர் என்பதே பெரும்பாலும் எமது கருத்தாக இருக்கும். வாய்மை, நேர்மை, விசுவாசம் ஆகிய சொற்களையும் இதனோடு மாற்றி மாற்றி வழங்குகின்றோம். ஆயினும் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு சமூக உறவுகளிலிருந்து பிறந்தவை. வாய்மை சொல்லைப் பற்றியது. நாணயம் கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. விசுவாசமோ ஆண்டான் அடிமை உறவின் மணம் இன்னும் நீங்காதது.

இவ்வேறுபாட்டை முதலிலேயே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் புகழ்பெற்ற நாவல்களை நேர்மைக்கும் ஒழுக்கத்துக்குமான பாடநூல்களாகக் கொள்ளும் வாசிப்பு எமது வகுப்பறைகளில் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. பாத்திரம் பொய்யுரைக்கும், துன்புறும், உண்மையை உணரும், திருந்தும் என்பதே அவ்வாசிப்பின் சூத்திரம். அந்நாவல்களைச் சற்று ஊன்றி நோக்குமிடத்து இதற்கு நேர்மாறான ஒன்று புலப்படுகின்றது. அவற்றின் தலைசிறந்த கட்டங்களில் மாந்தர் அறநிலையில் உயர்வது அவர்கள் பொய் சொல்லும் வேளையிலேயே. எவரிடம், எவரது உடைமையைக் காப்பதற்காக உண்மை கோரப்படுகின்றது என்ற வினாவை எழுப்பாது நேர்மையைப் பேசவியலாது என்பதை அந்நாவலாசிரியர்கள், சிலவேளைகளில் தம்மையும் அறியாமலே, காட்டிவிடுகின்றனர்.

சூத்திரத்துக்கு மிக நெருங்கி வருவது வில்லியம் டீன் ஹவல்ஸ் 1885 இல் வெளியிட்ட 'சைலஸ் லப்பமின் எழுச்சி'. வர்ண உற்பத்தியாற் செல்வந்தனான லப்பம், விரைவிற் பெறுமதி இழக்கவிருக்கும் ஆலைச் சொத்தொன்றை விடயமறியாத ஆங்கிலேயருக்கு விற்றுத் தப்பிக்கும் வாய்ப்பைப் பெறுகின்றான். விற்க மறுக்கின்றான், வணிகம் நொடிந்து பிறந்த ஊருக்கே மீள்கின்றான். தலைப்பிலுள்ள 'எழுச்சி' இவ்வீழ்ச்சியையே சுட்டுகின்றது. முதலாளித்துவம் அசுர வேகத்தில் வளர்ந்த காலத்தில், நேர்மையும் இலாபமும் இணைந்து செல்லா எனத் துணிந்து கூறியமைக்காக ஹவல்ஸ் மதிக்கப்படவேண்டியவரே. ஆனால் லப்பமின் அறச்சோதனை முழுவதும் விற்போனுக்கும் வாங்குவோனுக்கும் இடையிலேயே நிகழ்கின்றது. அவனது தொழிற்சாலையில் உழைத்தோர் கதையில் ஏறத்தாழ முகமற்றவர்கள். அவர்களோடு அவனுக்குள்ள கணக்கு நேரியதா என்ற வினா எழுவதேயில்லை. இது சந்தையின் நேர்மை. சொல்லின் இரு பொருளிலும் நாணயம்.

லப்பம் வெளிவந்த அதே 1885 இல் அமெரிக்காவில் வெளியாகிய (இங்கிலாந்திற் சில வாரங்கள் முந்தி, 1884 இறுதியில்) 'ஹக்கிள்பெரி பின்னின் சாகசங்கள்' இவ்வெல்லையை உடைக்கின்றது. உள்நாட்டுப் போருக்கு முந்திய மிசூரியில், குடிகாரத் தந்தையிடமிருந்து ஓடிய சிறுவன் ஹக்கும், தன்னை விற்றுவிடுவார்கள் என அஞ்சி ஓடிய அடிமை ஜிம்மும் ஒரு தெப்பத்தில் மிசிசிப்பி நதி வழியே செல்கின்றனர். ஜிம்முக்கு எண்ணூறு டொலர் விலை பேசப்பட்டிருந்தது. சட்டத்தின் கண்ணில் அவன் வாட்சன் என்னும் மாதின் உடைமை. ஆகவே அவனுக்கு உதவுதல் திருட்டு. ஹக் இதனை முற்றாக நம்புகின்றான் என்பதே நாவலின் உயிர்நாடி. அடிமைமுறை தவறு என அவன் எங்கும் வாதிடுவதில்லை. வாதிட்டிருப்பின் நாவல் வெறும் பிரசாரமாகியிருக்கும். எமது முற்போக்கு எழுத்தாளரிற் சிலர் இன்றும் அவ்வாறுதான் எழுதியிருப்பர்.

பதினாறாம் அத்தியாயம் இவ்வகையில் நுணுகி நோக்கத்தக்கது. சுதந்திரம் அடைந்ததும் உழைத்து மனைவியை விலைக்கு வாங்குவேன், பிள்ளைகளையும் மீட்பேன், எசமான் விற்க மறுத்தால் எவரையேனுங் கொண்டு திருடுவிப்பேன் என்கின்றான் ஜிம். ஹக் அதிர்ந்துபோகின்றான். தனக்கு எத்தீங்குஞ் செய்யாத ஒரு மனிதனின் சொத்தாகிய அப்பிள்ளைகளைத் திருட எண்ணும் இவனுக்குத் தான் உதவுவதா என அவன் மனம் கூசுகின்றது. தந்தை தன் பிள்ளைகளை விரும்புதல் திருட்டெண்ணமாகவும், பிள்ளைகளை விற்றல் நேர்மையான வாணிபமாகவும் தோன்றும் அளவுக்கு ஆளும் வர்க்கத்தின் கருத்துநிலை ஒரு நாடோடிச் சிறுவனின் மனச்சாட்சியாகவே அமைந்துவிட்டது. மனச்சாட்சி என்பது வரலாற்றுக்கு அப்பாற்பட்ட குரல் என நம்புவோர் இப்பகுதியை ஒருமுறை பொறுமையோடு படித்தல் நன்று.

காட்டிக்கொடுக்கும் முடிவோடு தோணியிற் புறப்படும் ஹக், ஓடிய அடிமைகளைத் தேடிவரும் இருவர் முன் நா எழாது தடுமாறி, தெப்பத்திலிருப்பது தன் தந்தை எனவும் அவருக்கு நோய் எனவும் நம்பவைக்கின்றான். அம்மை நோயென அஞ்சிய அவர்கள் ஆளுக்கு ஓர் இருபது டொலர் பொற்காசைப் பலகையொன்றில் வைத்து மிதக்கவிட்டு அகலுகின்றனர். மனிதனைப் பிடித்து விற்க வந்தோரின் இரக்கம் அவ்வளவே. கைக்கெட்டாத தூரத்தில், காசாக. கலகெதரவில் வாசகர் சிலரோடு இந்நாவலைப் படித்தபொழுது, அங்கே கடை வைத்திருந்த முதியவர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பொய் சொல்லிப் பெற்ற அந்த நாற்பது டொலரையும் பையன் வைத்துக்கொண்டது சரியா? கண்டி - குருநாகல் வீதியோரத்துச் சில்லறைக் கடைகளில் ஊரவரின் நாணயம் பற்றுக்கொப்பியாலேயே அளக்கப்படுவது. அக்கொப்பியோடு வாழ்ந்தவருக்கு இவ்வினா இயல்பானது, சிறந்ததுங்கூட. அதற்கான விடையை நாவலே வேறிடத்தில் வைத்திருக்கின்றது. முப்பத்தோராம் அத்தியாயத்தில் 'அரசன்' எனத் தன்னை அழைத்துக்கொள்ளும் போக்கிரி ஜிம்மை விற்றுவிடுகின்றான். பெற்ற விலை நாற்பது டொலர். இறுதியில், ஏற்கெனவே விடுதலை பெற்றிருந்த ஜிம்மைச் சிறைப்பட்டவனாக நடிக்கவைத்து விளையாடிய ரொம் சோயர் அவனுக்குக் கொடுக்கும் ஈட்டுத்தொகையும் நாற்பது டொலரே. பிடிக்க வந்தோரின் இரக்கமும், காட்டிக்கொடுப்போனின் கூலியும், விளையாடியவனின் ஈடும் ஒரே தொகை. ஆசிரியர் திட்டமிட்டுச் செய்தாரா என்பது இங்கு முதன்மையானதன்று. மனிதருக்கு விலை குறித்த சமூகத்தில் கருணைக்கும் கயமைக்கும் ஒரே நாணயமே புழங்கும் என்பதை நாவல் காட்டுகின்றது.

அதே முப்பத்தோராம் அத்தியாயத்திலேயே ஹக் தன் 'திருட்டை' ஒப்புக்கொள்ள முனைந்து வாட்சன் மாதுக்குக் கடிதம் எழுதுகின்றான். எழுதியதும் பாவம் நீங்கித் தூய்மையடைந்ததாக உணர்கின்றான். பின்னர் தெப்பத்தில் ஜிம் தன் காவல்முறையையுஞ் சேர்த்து விழித்திருந்து தன்னை உறங்கவிட்ட இரவுகளை நினைக்கின்றான், கடிதத்தைக் கிழிக்கின்றான். நரகமே தனக்குக் கதி என்ற முழு நம்பிக்கையுடனேயே கிழிக்கின்றான். தீங்கற்ற நன்மை விளையுமெனிற் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று குறள் இடமளித்தமை தமிழ் வாசகர் அறிந்ததே. ஆனால் வள்ளுவரின் மனிதர் தாம் செய்வது நன்மை என்பதை அறிவர். ஹக் அதனை அறியான்.

நாவலின் இறுதிப் பத்து அத்தியாயங்கள் இச்சிகரத்திலிருந்து சரிகின்றன. ஜிம் திருடப்படும் இடத்தில் வாசிப்பை நிறுத்திவிடுமாறு ஹெமிங்வே 1935 இலேயே கூறினார். திரிலிங்கும் (1948) எலியற்றும் (1950) அம்முடிவுக்கு வடிவ நியாயம் கற்பித்தபொழுது, லியோ மார்க்ஸ் 1953 இல் அதனை மறுத்து, அது நாவலின் அறப்பொருளையே கைவிடுவதெனக் காட்டினார். எமது சார்பு லியோ மார்க்ஸின் பக்கமே. எனினும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். துவெயின் இந்நாவலைத் தொடங்கியது 1876 இல். அடுத்த ஆண்டே போருக்குப் பிந்திய மீளமைப்புக் காலம் முடிவுற்று, கறுப்பு மக்கள் தென்மாநில ஆதிக்க வர்க்கத்தின் கையில் மீண்டும் விடப்பட்டனர். சட்டப்படி விடுதலையானவன் இன்னமும் சங்கிலியில் வைத்து விளையாடப்படுகின்றான் என்ற முடிவு கலைக்குறையாக இருக்கலாம், வரலாற்றுப் பொய்யன்று. பல்சாக்கைப் பற்றி ஏங்கல்ஸ் 1888 இல் மார்கரெட் ஹார்க்னெஸ்ஸுக்கு எழுதிய கடிதத்திற் குறிப்பிட்ட யதார்த்தவாதத்தின் வெற்றி இங்கும் செயற்படுகின்றது.

இவையனைத்தும் தொலைதூரத்து மிசூரிக்கு மட்டும் உரியனவல்ல. மலையகத் தோட்டங்களில் ஒரு தொழிலாளி தோட்டம் மாறவேண்டின் 'துண்டு' வேண்டியிருந்தது. இன்ன தொகை கடன் செலுத்தப்படின் இவரை விடுவிப்போம் என்பது துண்டின் வாசகம். புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தி ஆளை எடுத்துக்கொள்ளும். 1865 ஆம் ஆண்டின் தொழிலாளர் கட்டளைச்சட்டப்படி முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதல் குற்றவியற் தண்டனைக்குரியது. துண்டு முறை 1921 இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளி சட்டப்படி எவரதும் உடைமையல்லன் என்பதையும், அமெரிக்க அடிமைமுறையோடு இதனை ஒன்றெனக் கொள்ளல் தவறென்பதையும் வற்புறுத்தியே இதனைக் கூறுகின்றேன். ஆயினும் ஒரு விடயத்தில் ஒப்புமை மறுக்கவியலாதது. இரவோடிரவாக ஓடிய தொழிலாளி சட்டத்தின் முன் குற்றவாளி. கங்காணியின் முன் கடன்காரன். தன் மனத்தின் முன் செஞ்சோற்றுக் கடன் மறந்தவன். பாரதக் கூத்திற் கர்ணனுக்காகக் கண்ணீர் விட்ட சமூகத்துக்கு இம்மூன்றாவது தளை இலேசானதன்று. ஆனால் அவனது கூடையிலிருந்து ஈரத்துக்கெனவும் கூடைப் பாரத்துக்கெனவும் கழிக்கப்பட்ட இறாத்தல்களை எவருந் திருட்டு என்று எழுதிவைக்கவில்லை.

சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' தொழிற்சங்கம் அமைக்க முனைந்தமைக்காக இருப்பிடத்தையே இழக்கும் தொழிலாளியைச் சித்திரிக்கின்றது. இத்தகைய நாவல்களைப் போராட்ட இலக்கியமாக வரவேற்ற எமது திறனாய்வு, விசுவாசம் என்னும் உட்பகையோடு அத்தொழிலாளி நிகழ்த்தவேண்டிய போரைப் போதியளவு கவனித்ததாகத் தெரியவில்லை. துரைக்கும் கங்காணிக்கும் எதிராகக் கையெழுத்திட்ட இரவில், தான் நன்றி கொன்றவன் என்று நடுங்கிய மனிதன் எமது நாவலில் எங்கே? கைலாசபதி 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) நூலில் நாவலைத் தனிமனிதனின் தோற்றத்தோடு தொடர்புபடுத்தினார். அத்தனிமனிதனின் மனம் பிறரது உடைமைச் சட்டத்தால் நிரப்பப்பட்டிருக்கும் நிலையை நாம் இன்னும் முழுமையாக எழுதவில்லை.

பிற்ஸ்ஜெரல்டின் 'மாபெரும் கற்ஸ்பி' (1925) பற்றி நீண்டு உரைக்க வேண்டியதில்லை. கடன்பத்திரங்கள் விற்கும் நிக், தன்னை நேர்மையாளருள் ஒருவனாக எண்ணிக் கதை சொல்கின்றான். காரைச் செலுத்தி ஒரு பெண்ணைக் கொன்றவள் டெய்ஸி என்பது அவனுக்குத் தெரியும். அதனை அவன் பகிரங்கப்படுத்துவதில்லை. பொய் சொல்லாமலே பணக்காரரைக் காக்கும் கலையில் அவன் தேர்ந்தவன்.

ஸ்ரைன்பெக்கின் 'சினத்தின் திராட்சைகள்' (1939) பொய்யை மீண்டும் மக்கள் பக்கம் கொண்டுவருகின்றது. நெடுஞ்சாலை உணவுக்கடையிற் பணிபுரியும் மே, ஒன்று ஐந்து சதமான மிட்டாயை, இரண்டு ஒரு சதம் எனக் கூறி நிலமிழந்து செல்லும் ஏழைச் சிறுவர் இருவருக்குக் கொடுக்கின்றாள். தந்தையின் தன்மானம் புண்படாதிருக்கவே விலையில் அப்பொய். பார்த்திருந்த லொறிச் சாரதிகள் உரியதிலும் அதிகப் பணத்தை வைத்துவிட்டுச் செல்கின்றனர். கலகெதரப் பெரியவர் இப்பகுதிக்குத் தலையசைத்தார். கேஸி தன் மீது குற்றத்தை ஏற்று, நன்னடத்தை நிபந்தனையில் வெளிவந்திருந்த ரொம் ஜோட்டைக் காப்பதும் இத்தகைய பொய்யே. ஹக் தனியொருவனுக்காக நரகத்தை ஏற்றான். ரொம் ஜோட் தன் குடும்பத்தையும் விட்டு, பெயரறியாத பலருக்காகச் செல்கின்றான். ஐம்பது ஆண்டுகளில் அமெரிக்கத் தொழிலாளர் இயக்கம் கடந்த தூரம் இவ்விரு பிரிவுகளுக்கும் இடையிலுள்ளது.

இவ்வளவுக்கும் இடையில் ஜிம் என்ன எண்ணினான்? துவெயின் அதனை ஹக்கின் கண்ணூடாகவே காட்டினார். பெர்சிவல் எவரெற் 2024 இல் வெளியிட்டு, 2025 இல் புலிற்சர் பரிசு பெற்ற 'ஜேம்ஸ்' நாவல் கதையை ஜிம்மின் வாயாற் சொல்கின்றது. அங்கே ஜிம் எழுத்தறிந்தவன். வெள்ளையர் கேட்க வேண்டுமென்பதற்காகவே சிதைந்த மொழி பேசுகின்றான். அந்நடிப்பைப் பிள்ளைகளுக்குங் கற்பிக்கின்றான். ஒரு சிறுவனின் ஒரேயொரு பொய்யை அறத்தின் சிகரமெனப் போற்றிய நாம், நாளாந்தம் ஒவ்வொரு வாக்கியத்தையும் பொய்யாக்கி உயிர் காத்தவனின் வாய்மையை இப்பொழுதுதான் கேட்கத் தொடங்கியிருக்கின்றோம். பிரட்டுக் களத்திற் கைகட்டி நின்று 'ஆமாங்க தொர' என்றவர்கள் லயத்துக்குத் திரும்பித் தம்முள் என்ன பேசிக்கொண்டனர் என்பதை எழுதும் மலையக நாவலுக்கு இது முன்னோடியாகலாம்.