டூ-லேன் பிளாக்டாப்: எஞ்சின் பேசும்போது மனிதர்கள் என்ன செய்கிறார்கள்?

முதல்முறை இந்தப் படத்தை முப்பத்தைந்தாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். கார் ரேஸ் படம் என்று சொல்லி நண்பன் அனுப்பியிருந்தான். ரேஸ் என்னவோ இருந்தது. ஆனால் யாரும் ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. நான்கு பேர் காரில் போகிறார்கள், நிறுத்திச் சாப்பிடுகிறார்கள், மறுபடியும் போகிறார்கள். என்னடா இது என்று மூடிவைத்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து முழுதாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு அது என்னை விடவில்லை. ஏன் விடவில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

மான்டி ஹெல்மன் இயக்கிய ‘டூ-லேன் பிளாக்டாப்’ 1971இல் வெளிவந்தது. திரைக்கதையை எழுதிய இருவரில் ஒருவரான ரூடி வுர்லிட்சர் நாவலாசிரியர். முக்கியப் பாத்திரங்கள் எதற்கும் பெயர் கிடையாது. டிரைவர், மெக்கானிக், பெண், ஜிடிஓ, அவ்வளவுதான். டிரைவராக நடித்தவர் பாடகர் ஜேம்ஸ் டெய்லர். மெக்கானிக், ‘பீச் பாய்ஸ்’ குழுவின் டென்னிஸ் வில்சன். பெண்ணாக லாரி பேர்ட். இந்த மூவரும் அனுபவமுள்ள நடிகர்கள் இல்லை. நான்காவது ஆள் வாரன் ஓட்ஸ், அவர் ஒருவர்தான் தொழில்முறை நடிகர். அவருடைய பாத்திரத்துக்கு அவர் ஓட்டும் காரின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

கதை எளிது. டிரைவரும் மெக்கானிக்கும் சாம்பல் நிறப் பிரைமர் மட்டும் பூசிய 1955 ஷெவர்லே ஒன்றில் ஊர் ஊராகப் போய், உள்ளூர்க்காரர்களோடு பந்தயம் கட்டிப் பிழைக்கிறார்கள். வழியில் ஒரு பெண் கேட்காமலே பின்சீட்டில் ஏறிக்கொள்கிறாள். ஒரு புத்தம்புது 1970 பான்டியாக் ஜிடிஓ இவர்களை உரசிக்கொண்டே வருகிறது. வாஷிங்டன் வரை யார் முதலில் போகிறார்கள் என்று பந்தயம். பரிசு, தோற்பவரின் ‘பிங்க் ஸ்லிப்’. நமக்கு அது வேலை போன காகிதம். அங்கே அது காரின் உரிமைப் பத்திரம். ஆனால் போகப் போக எல்லாருமே பந்தயத்தை மறந்துவிடுகிறார்கள்.

*

இந்தப் படத்துக்குள் நுழைய எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். படத்தில் பாதி வசனம் அதைப் பற்றித்தான்.

1960களின் அமெரிக்க மஸில் கார் என்பது ஒரு எளிய சூத்திரம். நடுத்தர அளவுக் குடும்பக் காரை எடு, அதற்குள் பெரிய காருக்கான வி8 எஞ்சினைத் திணி. 1964இல் பான்டியாக் செய்தது இதுதான். நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகளுக்கே விதி வைத்திருந்தது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். விதி காரின் அடிப்படை எஞ்சினுக்குத்தான், கூடுதல் காசு கொடுத்து வாங்கும் ‘ஆப்ஷனு’க்கு இல்லை. ஆக, 389 கன அங்குல எஞ்சின் டெம்பஸ்ட் லெமான்ஸ் காருக்கு ஓர் ஆப்ஷனாக வந்தது. அதன் பெயர் ஜிடிஓ. அந்தப் பெயரும் சொந்தமில்லை, ஃபெராரியிடமிருந்து எடுத்தது. இத்தாலிய மொழியில் அந்த மூன்று எழுத்துக்கும் ‘பந்தயத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட வண்டி’ என்கிற பொருள் வரும். பான்டியாக்குக்கு அப்படி ஓர் அங்கீகாரமும் இல்லை. இரவல் பெயர், இல்லாத பட்டம். இதை நினைவில் வையுங்கள், வாரன் ஓட்ஸிடம் திரும்பி வருவோம்.

அதே 1964இல் கிறைஸ்லர் 426 ஹெமியைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தது. எரியறையின் கூரை அரைக்கோள வடிவம், அதனால் ‘ஹெமி’. அந்த வடிவத்தில் உள்ளே வரும் வால்வையும் வெளியே போகும் வால்வையும் எதிரெதிர்ப் பக்கம் சாய்த்து, இரண்டையும் பெரிதாக வைக்கலாம். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் தாராளமாக வெளியேறும். அந்த வருட டேடோனா 500 பந்தயத்தில் ரிச்சர்ட் பெட்டி ஜெயித்தார். முதல் மூன்று இடங்களும் ஹெமி பொருத்திய பிளிமத் கார்களுக்கு. 1966இல் தெருவில் ஓட்டும் ஹெமியும் கடைக்கு வந்தது, 425 குதிரைத்திறன் என்ற எண்ணோடு.

இப்போது அந்த எண்ணைப் பற்றி. 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் விளம்பரத்தில் போட்டது ‘கிராஸ்’ குதிரைத்திறன். எஞ்சினை மட்டும் தனியாக மேசையில் நிறுத்தி அளப்பார்கள். ஏர் ஃபில்டர் கிடையாது, காரில் இருக்கும் சைலன்சர் கிடையாது, ஃபேனையும் ஆல்டர்னேட்டரையும் சுழற்றும் சுமையும் கிடையாது. உலகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு எஞ்சினின் பலம் அது. 1972இலிருந்து ‘நெட்’ கணக்கு வந்தது. காரில் இருப்பதுபோல் எல்லாவற்றையும் பொருத்தி, எல்லாச் சுமையோடும் அளப்பது. 1971ஆம் வருட ஹெமிக்கு இரண்டு எண்ணுமே உண்டு. கிராஸ் 425, நெட் 350. எஞ்சின் அதே எஞ்சின்தான். சுமையைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் 75 குதிரைகள் காணாமல் போயின.

என் வாசிப்பில் இந்தப் படம் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் நடக்கிறது.

*

வாரன் ஓட்ஸின் ஜிடிஓ ஒரு கிராஸ் எண். தன் காரில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் ஒரு புது வாழ்க்கை வரலாறு சொல்கிறார். ஒருவரிடம் சொன்னது மற்றவரிடம் சொன்னதோடு ஒட்டாது. சொல்லச் சொல்ல ஸ்வெட்டரும் மாறிக்கொண்டே இருக்கிறது. காரின் திறனை விளம்பரக் கையேட்டிலிருந்து மனப்பாடம் செய்தவர்போல ஒப்பிக்கிறார். 455 கன அங்குலம், அதாவது ஏழரை லிட்டர். இன்றைய சின்னக் கார்கள் பலவற்றின் எஞ்சின் 1.2 லிட்டர் என்பதை வைத்து யோசித்துப் பாருங்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1970 ஜிடிஓவில் 455தான் அளவில் பெரிய எஞ்சின், ஆனால் காகிதத்தில்கூட அதிகக் குதிரைத்திறன் உள்ளது அது இல்லை. அதற்கு 360, அதைவிடச் சின்னதான 400 கன அங்குல ராம் ஏர் IV எஞ்சினுக்கு 370. விஷயம் தெரிந்தவன் இரண்டாவதைக் கேட்டு வாங்கியிருப்பான். பெரிய எண்ணைப் பார்த்ததும் நம் ஆள் விழுந்துவிட்டார்.

எதிர்ப்பக்கம் டிரைவரும் மெக்கானிக்கும். இவர்களுடைய 55 ஷெவியில் 454 எஞ்சின் இருக்கிறது. எடை குறைய வேண்டும் என்று முன்பகுதியை ஃபைபர் கிளாஸில் செய்திருக்கிறார்கள். பெயின்ட்கூட அடிக்கவில்லை. கார்புரேட்டர், வால்வு, டயர் தவிர வேறு பேச்சு கிடையாது. இவர்கள் பொய் சொல்வதில்லை. பெரும்பாலும் எதுவுமே சொல்வதில்லை.

முதல் பார்வையில் படம் இந்த இருவர் பக்கம்தான் நிற்கிறது என்று தோன்றும். வெட்டிப் பேச்சுக்காரனுக்கு எதிரே வேலை தெரிந்தவர்கள். ஸ்டீவ் மெக்வீன் காலத்திலிருந்து நாம் ரசித்து வந்த ஆண் இவன்தான். ‘புல்லிட்’ (1968) படத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ துரத்தலை யூடியூபிலாவது பார்த்திருப்பீர்கள். துரத்தல் சூடுபிடித்ததும் லாலோ ஷிஃப்ரினின் இசை நின்றுவிடும். பிறகு முஸ்டாங் ஜிடி 390இன் ஒலியும் டாட்ஜ் சார்ஜரின் ஒலியும் மட்டும்தான். படத்தொகுப்புக்காக ஃபிராங்க் கெல்லர் ஆஸ்கர் வாங்கினார். அங்கே எஞ்சின் நாயகனுக்குப் பதிலாகப் பேசுகிறது. அவன் பேசாததே அவனுடைய கம்பீரம்.

ஹெல்மன் அதே மௌனத்தை எடுத்து, அதன் மறுபக்கத்தைக் காட்டுகிறார். டிரைவர் அந்தப் பெண்ணிடம் காரைத் தவிர வேறொன்றைப் பற்றிப் பேச முயல்கிற ஒரு காட்சி உண்டு. சில்வண்டுகளைப் பற்றிச் சொல்கிறான். வருடக்கணக்காக மண்ணுக்குள் கிடந்து, வெளியே வந்து, இறகு முளைத்து, இணைசேர்ந்து, செத்துப்போகும் பூச்சிகள். அது காதல் பேச்சா, தன்னைப் பற்றிய வாக்குமூலமா என்று அவனுக்கே தெரியாது. அத்தனை பெரிய எஞ்சினை மூச்சுவிடாமல் விளக்கத் தெரிந்தவனுக்கு, ‘நீ போகாதே’ என்று சொல்ல ஒரு பூச்சி தேவைப்படுகிறது. அப்போதும் சொல்ல வரவில்லை.

இதைவிட முக்கியமான இன்னொரு காட்சி. ஜிடிஓ ஒருமுறை, ஒரே ஒருமுறை, தன் உண்மையான வாழ்க்கை எப்படிக் கலைந்துபோனது என்று டிரைவரிடம் சொல்ல ஆரம்பிக்கிறார். கிராஸ் எண் நெட் எண்ணாக மாறப்போகும் நொடி அது. டிரைவர் தடுத்துவிடுகிறான். அது தன் பிரச்சினை இல்லை என்கிறான். ஜிடிஓ வாயை மூடிக்கொள்கிறார், அடுத்த பயணியிடம் அடுத்த பொய். இந்த இடத்தில்தான் எனக்குப் படம் திறந்தது. பொய் சொல்கிறவனைவிட, உண்மையைக் கேட்க மறுக்கிறவன் படத்தில் தனியனாக இருக்கிறான். ஜிடிஓவுக்கு மனிதர்கள் வேண்டும், அதனால்தான் வழியில் நிற்கிற எல்லாரையும் ஏற்றிக்கொள்கிறார். டிரைவருக்கு ஓடும் சாலை மட்டும் போதும்.

*

அதே வருடம் வந்த ‘வேனிஷிங் பாயின்ட்’டைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெளிவாகும். திரைக்கதை ‘கிய்யெர்மோ கெயின்’ என்ற புனைபெயரில். உண்மையில் அவர் கியூப நாவலாசிரியர் கிய்யெர்மோ காப்ரேரா இன்ஃபான்தே. கோவால்ஸ்கி என்பவன் வெள்ளை டாட்ஜ் சேலஞ்சரை, 440 மேக்னம் எஞ்சினோடு, டென்வரிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஓட்டுகிறான். போலீஸ் துரத்துகிறது. கண் தெரியாத ரேடியோ அறிவிப்பாளர் ஒருவர் அவனை விடுதலையின் கடைசி வீரன் ஆக்கிவிடுகிறார். கடைசியில் சாலையை மறித்து நிற்கும் புல்டோசர்களில் போய் மோதுகிறான். அழகான படம், மறுக்கவில்லை. ஆனால் அது கிராஸ் எண்ணையே வழிபடுகிற படம். வியட்நாம் போர், போலீஸ் வேலை, இறந்துபோன காதலி எல்லாம் பின்னோக்குக் காட்சிகளாக வருகின்றன. ஆனால் அவை எதுவும் காரின் வேகத்தைக் குறைப்பதில்லை, கூட்டத்தான் செய்கின்றன. துயரம்கூட அங்கே எரிபொருள்தான்.

‘டூ-லேன் பிளாக்டாப்’ மேல் எனக்குப் புகாரே இல்லை என்று இல்லை. அந்தப் பெண்ணைப் படம் ரொம்பத் தூரத்தில் வைத்துவிடுகிறது. மூன்று ஆண்களும் ஆளுக்கொரு விதமாக அவளைப் பரிசுப்பொருளாகப் பார்க்கிறார்கள் என்பது படத்துக்கே தெரியும். ஆனால் அவள் என்ன பார்க்கிறாள் என்று கேட்க அதற்குத் தோன்றவில்லை. ஒன்று சொல்ல வேண்டும். கடைசியில் யாரோ ஒருவனின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போகும்போது தன் பையைக்கூடக் கீழே விட்டுவிட்டுப் போகிறாள். சுமையைக் கழற்றத் தெரிந்த ஒரே ஆள். படம் அவளைப் பின்தொடர்ந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

முடிவைச் சொன்னால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஜிடிஓ இரண்டு ராணுவ வீரர்களை ஏற்றிக்கொண்டு, தான் ஒரு 55 ஷெவியை ஓட்டிப் பந்தயத்தில் இந்த ஜிடிஓவை ஜெயித்ததாகச் சொல்கிறார். டிரைவரின் வாழ்க்கை இப்போது அவருடைய பொய்களில் ஒன்று. டிரைவர் இன்னொரு பந்தயத்தில் கிளம்புகிறான். ஒலி அறுந்துபோகிறது. படம் மெதுவாகிறது. புரொஜெக்டரில் சிக்கிய பிலிம்போலத் திரை எரிகிறது. எஞ்சின் பேச்சை நிறுத்தியதும் டிரைவரிடம் எதுவும் மிஞ்சவில்லை.

அப்போது நிஜ எஞ்சின்களும் எரிந்து முடியும் நேரம். 1970இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 1971 மாடல்களில் எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தது. காப்பீட்டுக் கட்டணம் இளைஞர்களால் கட்ட முடியாத அளவுக்கு ஏறியது. ஹெமிக்கும் 1971தான் கடைசி வருடம். இதெல்லாம் தெரியாமலே படத்தை ரசிக்கலாம். தெரிந்தால், அந்த எரியும் பிலிம் வெறும் உத்தியாகத் தெரியாது.

கடைசியாக, நமக்கு. இலக்கியக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது நாமும் ஒப்பிக்கிறோம். போர்ஹேஸ் படிச்சாச்சு, பொலானோ படிச்சாச்சு, அந்த ஆயிரம் பக்க நாவலையும் முடிச்சாச்சு. சொல்கிறவர் குரலில் சில சமயம் எனக்கு வாரன் ஓட்ஸ் கேட்கிறார். அந்தக் குரல் பெரும்பாலும் என்னுடையதுதான். எல்லாம் மேசையில் தனியாக நிறுத்தி அளந்த பலம். வீட்டுச் சுமை, வேலை, ஒரு உறவு முறிந்த வாரம், இதெல்லாம் ஏறிய பிறகு படித்ததில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது? அந்த எண்ணை யாரும் சொல்வதில்லை. போன மாதம் ஒரு நண்பன் சொல்ல ஆரம்பித்தான். நான் பேச்சை மாற்றி, அவன் அப்போது படித்துக்கொண்டிருந்த நாவலைப் பற்றிக் கேட்டேன்.

அன்றிரவுதான் இந்தப் படத்தை மூன்றாவது முறை பார்த்தேன். பார்த்து முடித்ததும் அவனுக்கு போன் போட்டேன்.