"எவ்வளவு எழுதணும், டீச்சர்?"

சுங்கை ஆயர் தாவார் வட்டாரத்தில் தேர்வு நெருங்கினாலே மாணவர்கள் கேட்கும் கேள்வி இது. நாம் சொல்லும் பதில் பெரும்பாலும், "நிறைய எழுதுங்க!" இது எல்லாப் பாடத்துக்கும் பொருந்துமா?

எஸ்.பி.எம். தாள்களைப் பாருங்கள். ஆங்கில எழுத்துத் தாளின் முதல் பகுதிக்கு ஏறக்குறைய 80 சொல், இரண்டாவதற்கு 125 முதல் 150, மூன்றாவதற்கு 200 முதல் 250. மலாய்மொழி ருமூசானில் 120 சொல்லைத் தாண்டக்கூடாது. அறிவியல், வரலாற்றுக் குறுவிடைகளுக்குச் சொல் கணக்கே இல்லை. கேள்விக்குப் பக்கத்தில் உள்ள புள்ளிதான் அளவு. 'ஞாத்தாக்கான்' என்றால் கருத்தைச் சொன்னால் போதும். 'தெராங்கான்' என்றால் விளக்கமும் வேண்டும். இரண்டு புள்ளிக்கு அரைப் பக்கம் எழுதும் பிள்ளைக்கு மூன்றாவது புள்ளி கிடைக்காது. கடைசிக் கேள்விக்கான நேரம்தான் போகும். கணிதத்தில் நிலைமை வேறு. அங்கே விடையை மட்டும் எழுதி, வழிமுறையை விட்டால் புள்ளி குறையும்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. தமிழ்க் கட்டுரை மூன்று பக்கம் வந்தாலே, படிக்குமுன் "நல்லா எழுதியிருக்கே" என்கிறோம். அந்தப் பழக்கம் மற்ற பாடங்களுக்கும் தொற்றிக்கொள்கிறது. தமிழ்ப்பள்ளியிலிருந்து மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் பாடத்தோடு கேள்வியின் மொழியும் புதுசு. யாராவது சொல்லித்தர வேண்டாமா?

நாமே தொடங்கலாம். ஒரே பனுவலை ஒட்டி 2 புள்ளிக்கு ஒரு கேள்வியும் 4 புள்ளிக்கு ஒரு கேள்வியும் கொடுங்கள். எழுதி முடித்ததும், கேட்காததை அவர்களையே அடிக்கச் சொல்லுங்கள். எங்கே நிறுத்துவது என்பதும் மொழிப்பாடம்தான்.