வறண்ட தூரிகையின் எழுத்துரு

பாதி மை வற்றிய தூரிகையை இழுத்தால் கோடு நிறைவாகத் தொடங்கிக் கீறல் கீறலாக முடியும். அந்தத் தடத்தை ஸ்கேன் செய்து வெக்டார் வடிவமாக்கினால் சொரசொரப்பான தூரிகை எழுத்துரு கிடைக்கும்.

தமிழில் இதன் அழகு சுழிகளில்தான். ‘ண’வின் ஒவ்வொரு திருப்பத்திலும் தூரிகையின் மயிர்கள் பிரிந்து மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரியும், மெய்யின் புள்ளி ஒரே அழுத்தில் விழுந்த திட்டாக நிற்கும். ஆனால் ‘அப்பளம்’ என்று அடித்தால் இரண்டு பகரங்களிலும் ஒரே கீறல் வந்து, இது கையால் எழுதியதல்ல என்ற குட்டு உடைந்துவிடும். நல்ல எழுத்துருவில் ஒரே எழுத்துக்கு மாற்று வடிவங்கள் இருக்கும். எழுத்துருக் கோப்பில் உள்ள ஓப்பன்டைப் விதிகள் அவற்றை மாற்றி மாற்றி இடும். உகர, ஊகார வரிசைகளில் மட்டும் 18 மெய்களுக்கு 36 வடிவங்கள் தனித்தனியே வரைய வேண்டியிருப்பதால், தமிழில் இது உண்மையிலேயே பெரும் உழைப்பு.

இருங்காட்டுக்கோட்டை வழியாகச் செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், லாரிகளின் பின்பலகையில் பெயின்டர்கள் எழுதிய கையெழுத்தே இந்த எழுத்துருவுக்கு மூத்த உறவு. அங்குள்ள சிப்காட் தொழிற்சாலைகளின் எச்சரிக்கைப் பலகைக்கு இந்த எழுத்துரு ஆகாது. ஆயுத பூஜை பேனருக்கு அருமையாகப் பொருந்தும். சிறிய அளவில் கீறல்கள் அடைத்துக்கொள்ளும். வினைல் ஸ்டிக்கராக வெட்டினாலும் ஓரத் துணுக்குகள் உரிந்துவிடும். ஆகவே பெரிய அளவில் அச்சிடுவதே சரி.