வயிற்றைக் கட்டச் சொல்வது யாரை?

கடன்பட்ட வீடு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் மீள வேண்டும், நாடும் அப்படித்தான் என்ற பேச்சை இலங்கையில் நாம் பல தடவை கேட்டுவிட்டோம். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தது. அதற்குப் பின் வரி உயர்வு, மின்கட்டண உயர்வு, மானிய வெட்டு எல்லாவற்றுக்கும் இந்த வீட்டு உவமைதான் நியாயமாகச் சொல்லப்படுகிறது.

உவமையை அப்படியே எடுத்துக்கொண்டு, அந்த வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம். பெரும்பாலான வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்? மீன் குறைந்த நாளில் குழம்பை மட்டும் விட்டுக்கொள்பவர் யார்? பிள்ளையின் கொப்பிக்காகத் தன் மருந்தைத் தள்ளிப்போடுபவர் யார்? வீடு சிக்கனம் செய்கிறது என்றால், வீட்டில் ஒருத்தி சிக்கனம் செய்கிறாள் என்றே பெரும்பாலும் பொருள். 1980களின் கட்டமைப்புச் சீராக்கத் திட்டங்களை ஆராய்ந்த பெண்ணியப் பொருளியலாளர் டயான் எல்சன் போன்றவர்கள் இதையே சுட்டிக்காட்டினார்கள். அரசு செலவைக் குறைக்கும்போது அந்தச் செலவு மறைந்துபோவதில்லை; சம்பளமில்லாத வேலையாகப் பெண்களின் தோளுக்கு மாறுகிறது. மருத்துவமனையில் மருந்து இல்லையென்றால் நோயாளியை வீட்டில் பராமரிப்பது ஒரு பெண். எரிவாயு விலை ஏறினால் விறகு தேடுவதும் அவளே. அவளுடைய நேரத்துக்கு எல்லையே இல்லை என்பது இத்திட்டங்களின் எழுதப்படாத எடுகோள்.

வரியை எடுத்துக்கொள்வோம். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. வருமான வரியிலும் பெரும் சலுகைகள் வழங்கப்பட்டன. அரச வருமானம் சரிந்தது. நெருக்கடி வந்ததும் அதே பெறுமதி சேர் வரி 2022இல் 12 ஆகவும் பின்னர் 15 ஆகவும், 2024 ஜனவரியில் 18 வீதமாகவும் உயர்த்தப்பட்டது. பொருளை வாங்கும் எவரும் கட்டும் வரி இது. கிடைப்பதையெல்லாம் அன்றாடத் தேவைக்கே செலவிடும் தோட்டத் தொழிலாளியின் வருமானத்தில் அது பெரும் பங்கைப் பிடிக்கிறது. சேமிக்கவும் முதலிடவும் வசதியுள்ளவரின் வருமானத்தில் சிறு பங்கைத்தான் தொடுகிறது. சலுகையின் பெரும்பங்கை அனுபவித்தவர் ஒருவர், விலையைக் கொடுப்பவர் இன்னொருவர்.

2023இன் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. திறைசேரி முறிகளை வைத்திருந்த வங்கிகள் விலக்கப்பட்டன. ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன, நிதித்துறை தளம்பக் கூடாது என்பவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஊழியர் சேமலாப நிதிக்கு அந்தச் சலுகை இல்லை. பழைய முறிகளைக் கொடுத்துக் குறைந்த வட்டியுள்ள புதிய முறிகளை ஏற்க வேண்டும். மறுத்தால் 14 வீத வரி 30 வீதமாகும். உறுப்பினர்களுக்கு 9 வீத வட்டி உறுதி என்று ஆறுதல் சொல்லப்பட்டது. ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு 94.9 வீதம். அந்தச் சேமிப்பின் வாங்கும் சக்தியை விலைவாசி முன்பே தின்றுவிட்டிருந்தது. கட்டுநாயக்காவில் ஆடை தைத்தவர்களும் மலையகத்தில் கொழுந்து பறித்தவர்களும் முதுமைக்கென வைத்திருந்த பணம் அது. வேலை நிறுத்தம் செய்யக்கூட வழியில்லாத ஓய்வுக்காலத்தில்தான் அந்த இழப்பு அவர்களுக்குத் தெரியவரும்.

பணவீக்கம் தணிந்துவிட்டதே, இது மீட்சி இல்லையா என்று கேட்கலாம். 2023 நடுப்பகுதியில் அது ஒற்றை இலக்கத்துக்கு வந்தது உண்மை. வரிசைகள் மறைந்ததும் உண்மை. அதைச் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை, எரிபொருள் வரிசையில் நின்ற எவருக்கும் அதன் அருமை தெரியும். ஆனால் பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று பொருளல்ல. ஏறிய இடத்திலிருந்து மெதுவாக ஏறுகிறது என்றே பொருள். கூலி அந்த உயரத்துக்கு ஏறாதவரை வீட்டுக்குள் நெருக்கடி முடிவதில்லை.

ஏழைகளுக்கு உதவித் திட்டம் இருக்கிறதே என்பது அடுத்த பதில். 2023இல் சமுர்த்தியின் இடத்துக்கு அஸ்வெசும வந்தது. கல்வி, உடல்நலம், சொத்து, வீட்டு நிலை என்று புள்ளியிட்டு, 'உண்மையான ஏழை'யைப் பிரித்தெடுப்பது அதன் முறை. குடும்பத்தையே அது அளக்கிறது. கணவன் கையில் பணம் இருந்தும் வெறுங்கையுடன் நிற்கும் மனைவி அந்த அளவையில் தெரியமாட்டாள். இலங்கைக்கு இதில் பழைய பாடம் ஒன்றும் உண்டு. பரவலாக வழங்கப்பட்டு வந்த அரிசிப் பங்கீடு 1979இல் உணவு முத்திரையாக மாற்றப்பட்டது. முத்திரையின் ரூபாய்ப் பெறுமதி மாறவில்லை, விலை ஏறியது. சில ஆண்டுகளில் அதைக்கொண்டு வாங்கக்கூடிய உணவு ஏறத்தாழப் பாதியானது. எல்லோருக்குமான உரிமை ஏழைகளுக்கு மட்டுமான உதவியாகச் சுருங்கும்போது, அதைக் காக்கக் குரல்கொடுப்பவர்களின் எண்ணிக்கையும் சுருங்கிவிடுகிறது.

இடைவெளியை நிரப்புவது கடன். நகை அடகுக்குப் போகிறது, பிறகு நுண்கடன் வருகிறது. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் வீட்டுக்கு வீடு வந்த நுண்கடன் நிறுவனங்கள் பெண்களையே குறிவைத்தன; பெண்கள் ஒழுங்காகக் கட்டுவார்கள் என்பது அவற்றின் கணக்கு. 2021 மார்ச் 8இல் பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் சத்தியாக்கிரகம் தொடங்கிய பெண்கள் நுண்கடன்களை இரத்துச் செய்யக் கேட்டார்கள். ஓராண்டு கழித்து அரசே தன் கடனைக் கட்ட முடியாது என்றது. அரசுக்குப் பேச்சுவார்த்தை, தள்ளுபடி, கால அவகாசம் எல்லாம் உண்டு. அந்தப் பெண்களுக்கு வாசலில் வசூலிப்பவர்தான் உண்டு.

ஆகவே சிக்கனம் வேண்டுமா, வேண்டாமா என்பதல்ல நமது கேள்வி. யாருடைய வயிறு கட்டப்படுகிறது, அதை முடிவு செய்யும் மேசையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறோம். செல்வத்தின் மீது வரி, எல்லோருக்குமான சமூகப் பாதுகாப்பு, நுண்கடன் இரத்து ஆகிய கோரிக்கைகளைப் பெண்கள் ஏற்கெனவே முன்வைத்திருக்கிறார்கள். பணம் இல்லை என்ற பதில் வரும்போது, முறிகளை வைத்திருந்த வங்கிகளுக்கு விலக்களிக்க வழி இருந்ததை நினைவில் வைத்து, அடுத்த வரவுசெலவுத் திட்டத்தை வரிவரியாக வாசிப்போம்.