இறக்கப்பட்ட கொடி: சரவணமுத்துவின் தன்வரலாறும் பினாங்கின் இரு சரணடைவுகளும்

பிரிட்டிஷ் – ஜப்பானிய அரசுறவின் வரலாற்றை எழுதுவோர், 1902 ஜனவரி 30இல் இலண்டனில் கையொப்பமான கூட்டணியில் தொடங்குவர். 1905, 1911 ஆகிய ஆண்டுகளில் அது புதுப்பிக்கப்பட்டதையும், 1921இன் நால்வல்லரசு உடன்படிக்கையை அடுத்து 1923இல் முடிவுற்றதையும் கூறி, 1941 டிசம்பர்ப் போருக்கு வந்து சேர்வர். இந்நெடுவழியில் பினாங்குக்கு ஓரிரு வரிகள் கிடைத்தாலே மிகுதி. ஆயினும் அவ்வுறவு முறிந்த நாள்களில் ஜோர்ஜ்டவுனில் நிகழ்ந்த ஒன்று, அரசுறவு என்பதை யார் நடத்துகின்றனர் என்னும் வினாவை எழுப்புவது. அந்நிகழ்வின் நடுவில் நின்றவர் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியரான இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து. 1970இல் வெளிவந்த அவருடைய ஆங்கிலத் தன்வரலாறு 'தி சாரா சாகா'. மலேசியத் தமிழியல் ஆய்வில் அந்நூல் பெறவேண்டிய இடத்தைப் பெறவில்லை என்பது இக்கட்டுரையின் கருத்து.

கூட்டணிக் காலத்துப் பினாங்கு ஜப்பானியருக்கு அந்நிய ஊரன்று. சிந்த்ரா தெரு சீனர் வழக்கில் 'ஜப்பானியர் தெரு' என்றே பெயர்பெற்றிருந்தது. 1905இல் கூட்டணி புதுப்பிக்கப்பட்டபோது அதன் எல்லை இந்தியாவரை விரிந்தது. இந்தியப் பேரரசைக் காக்கும் பொறுப்பில் ஜப்பானும் பங்கேற்றது. 1914 அக்டோபர் 28இல் எம்டன் பினாங்குத் துறைமுகத்தில் புகுந்து மூழ்கடித்த ருசியக் கப்பல் 'ஜெம்சுக்', ஒன்பது ஆண்டுகளுக்கு முன் சுசீமாக் கடற்போரில் ஜப்பானியரிடமிருந்து தப்பியது. அன்று பகைவராய் இருந்தோர் பின்னர் ஒரே அணியினராயினர். (அதே எம்டன் ஒரு மாதத்திற்கு முன் சென்னையைத் தாக்கியதால் தமிழுக்கு ஒரு சொல்லும் கிடைத்தது.) 1915இல் சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தபோது, அக்கிளர்ச்சியை அடக்க ஜப்பானியக் கடற்படையினர் ஆங்கிலேயருக்குத் துணைநின்றனர். இரு வல்லரசுகளின் நட்பும் தமிழர் முதலான குடியேற்ற மக்களின் நலத்தைக் கருதி அமைந்ததன்று. பின்னர் நேர்ந்த பகைமையும் அவ்வாறே.

1941 டிசம்பர் 11இல் ஜப்பானிய வானூர்திகள் ஜோர்ஜ்டவுன்மீது குண்டு வீசின. அதன் பொருள் அறியாத மக்கள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தனர், மாண்டவர் பலர். 16ஆம் நாள் இரவில் ஐரோப்பியர் மறைவாகத் தீவைவிட்டு வெளியேற்றப்பட்டனர். ஆசிய மக்களுக்கு அறிவிப்பேதும் இல்லை. பின்னர்ச் சிங்கப்பூரிலிருந்து அமைச்சர் டஃப் கூப்பர் ஆற்றிய வானொலி உரை, பினாங்கின் மக்களே வெளியேற்றப்பட்டுவிட்டனர் என்பதுபோல் அமைந்து, ஆசியரின் சினத்தைக் கிளறியது. எஞ்சியிருந்த பல இனத்தலைவர்கள் ஒரு சேவைக் குழுவை அமைத்தனர். சரவணமுத்து கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி, வெள்ளைக்கொடியை ஏற்றினார். வெளியேறியோர் அழிக்காமல் விட்டுச்சென்ற வானொலி நிலையத்திலிருந்து, நகரில் காவற்படை இல்லை, குண்டுவீச்சை நிறுத்துக என ஜப்பானியருக்கு அறிவித்தார். 19ஆம் நாள் ஜப்பானியர் தீவில் இறங்கினர்.

இதனை 1945 செப்டம்பர் 2ஆம் நாளோடு ஒப்பிடல் வேண்டும். அன்று 'நெல்சன்' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஜப்பானியத் துணைக் கடற்படைத் தலைவர் உவோசுமி முறைப்படி கையொப்பமிட்டுப் பினாங்கை ஒப்படைத்தார். மேசை, எழுதுகோல், சாட்சிகள் யாவும் இருந்தன. நான்காண்டுகளுக்கு முன் அதே தீவை ஒப்படைக்க ஆங்கில அதிகாரி ஒருவரும் இல்லை. அரசுறவு ஆவணங்களில் இரண்டாம் சரணடைவுக்குரிய தாள் உண்டு. முதலாவதற்கு ஓர் இதழாசிரியரின் நினைவே சான்று. எந்த அதிகாரமும் இல்லாத ஒருவர் பேரரசின் சார்பில் பேசவேண்டியதாயிற்று. அவரே பின்னாளில் இலங்கையின் அரசுறவுப் பேராளராகப் பணியாற்றியது வரலாற்றின் குறும்பு எனலாம்.

நூலைத் திறனாய்வு நோக்கில் அணுகினால் குறை தென்படாமல் இல்லை. சரவணமுத்துவின் நடை இதழியலாளருக்குரிய கலகலப்பான நடை. கிரிக்கெட்டும் விருந்தும் அறிந்த, ஆக்ஸ்ஃபோர்டில் பயின்ற கனவானின் குரல். ஆகவே அது காட்டும் போர்க்காலம் நகர மேன்மக்களின் போர்க்காலம். தோட்டப்புறத் தமிழனைக் காண வேண்டுமெனில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993), அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' (2005) ஆகிய நாவல்களுக்கே செல்லவேண்டும். 415 கிலோமீட்டர் நீளமுடைய அந்த இருப்புப்பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர்; அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். ஆங்கிலத் தன்வரலாறும் தமிழ் நாவல்களும் ஒரே போரை இரு வர்க்கங்களின் நிலையிலிருந்து சொல்வன. ஆயினும் நம் வகுப்பறைகளில் முன்னது 'வரலாறு' எனவும், பின்னவை 'துயர இலக்கியம்' எனவும் தனித்தனியே வைக்கப்படுகின்றன. இப்பிரிவினை ஏற்கத்தக்கதன்று. இந்நாவல்களும் அரசுறவைப் பற்றிய பனுவல்களே.

காரணம் வெளிப்படை. 1951இல் சான்பிரான்சிஸ்கோ அமைதி உடன்படிக்கையில் மலாயாவுக்கும் சேர்த்துக் கையொப்பமிட்டது பிரிட்டன். அதன் 14ஆம் விதி நேசநாடுகளின் இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கைவிட்டது. 16ஆம் விதி போர்க்கைதிகளுக்கு மட்டும் ஒரு நிதியை ஒதுக்கியது. பிரிட்டிஷ் போர்க்கைதி ஒருவர் ஏறத்தாழ 76 பவுண்டு பெற்றார். அதே பாதையில் அவரோடு மண் சுமந்த ஆசியத் தொழிலாளர் அவ்விதியின் வரம்புக்குள் வரவில்லை. 1941இல் மக்களைக் கைவிட்ட அரசே பத்தாண்டு கழித்து அவர்தம் கோரிக்கையையும் கைவிட்டது. 1967இல் மலேசியாவும் ஜப்பானும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 25 மில்லியன் வெள்ளி பெறுமானமுள்ள பொருளும் சேவையும் நாட்டுக்கு வந்தன. அதில் கிடைத்தவை கப்பல்கள். சயாமிலிருந்து மீண்ட தோட்டத் தொழிலாளிக்கோ திரும்பாதவரின் குடும்பத்துக்கோ அதில் தனிப் பங்கு எதுவும் குறிக்கப்படவில்லை.