சிறைக்கோட்டமும் நாகர் மலையும்: மணிமேகலையில் குற்றம் புரிந்தோர் மறுவாழ்வு

மணிமேகலையைச் சிறைச் சீர்திருத்தத்தின் முன்னோடி நூலாகக் காணும் கருத்து தமிழாய்வில் வேரூன்றியுள்ளது. அதற்குச் சான்றாகக் காட்டப்படுவது ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’. தலைப்பின் கவர்ச்சி இதற்கு ஒரு காரணம் எனலாம். ஆயின், குற்றம் புரிந்தோர் திருந்தினரா என்னும் வினாவோடு அக்காதையை அணுகினால் கிடைக்கும் விடை வேறு.

காயசண்டிகை வடிவில் சிறையுள் புகுந்த மணிமேகலை, அமுதசுரபி கொண்டு அங்குள்ளோர் பசியைத் தீர்க்கிறாள். அதனை அறிந்த சோழ மன்னன் அவளை அழைத்து வேண்டுவது யாதென வினவுகிறான். சிறையை ஒழித்து அருளுடைய அறவோர்க்கு உரிய இடமாக்குமாறு அவள் வேண்ட, அவ்வாறே செய்கிறான். அங்குக் கோயிலும் அறவோர் பள்ளியும் அட்டிற்சாலையும் உண்ணும் சாலையும் அமைந்தமையை அடுத்த காதையின் தொடக்கம் கூறுகிறது. தீப்பிறப்பில் உழன்றோர் நற்பிறப்பு எய்தியதைப் போல என்பது அங்கு வரும் உவமை. நற்பிறப்பு எய்தியது கட்டடமே, கைதிகள் அல்லர். அவர்கள் வெளியேறிய பின் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைச் சாத்தனார் சொல்லவில்லை. உதயகுமரன் கொலையுண்டபின் மணிமேகலையையே காவலில் வைக்குமாறு அம்மன்னன் ஆணையிடுவதும் நோக்கத்தக்கது.

குற்றம் புரிந்தோரை மாற்றும் முயற்சியை நூல் விரிவாகக் காட்டும் இடம் ‘ஆதிரை பிச்சையிட்ட காதை’. கலம் கவிழ்ந்து நாகர் மலையில் ஒதுங்கிய சாதுவனைக் கொன்று தின்ன நாகர் முற்படுகின்றனர். அவர்கள் மொழியை அவன் அறிந்திருந்தமையால் தலைவனிடம் அழைத்துச் செல்லப்படுகிறான். கள்ளும் ஊனும் மறுத்த அவனிடம், அவையன்றி இன்பம் ஏது எனத் தலைவன் வினவுகிறான். மறுபிறப்பைப் பற்றிக் கூறியபோது நகைக்கிறான். சாதுவன் சினவாமல் உறக்கத்தையும் கனவையும் எடுத்துக்காட்டி விளக்குகிறான். இறுதியில் தலைவன் கேட்பது, கள்ளும் ஊனும் விட்டு வாழ இயலாத தமக்குப் பொருந்தும் அறம் யாது என்பதே. சாதுவனின் விடையில் முழுத் துறவு இல்லை. கலம் கவிழ்ந்து வருவோரைக் கொல்லாது காக்க வேண்டும். மூத்து இறக்கும் விலங்குகளின் ஊனை மட்டும் கொண்டு, எவ்வுயிர்க்கும் தீங்கு செய்தலை விட வேண்டும். இது தம்மால் இயலும் எனத் தலைவன் ஏற்கிறான்.

நாகர் எந்தச் சட்டத்தின் முன்னும் குற்றவாளிகள் அல்லர் என்னும் மறுப்பு எழலாம். கொலையும் கொள்ளையும் அவர்தம் வாழ்வுமுறையாக இருந்தன என்பதே அம்மறுப்பின் சாரம். ஆயின் பழகிப்போன குற்றத்தை மாற்றுவதே மறுவாழ்வுத் திட்டங்களுக்கும் கடினமான பணி. 1945 முதல் 1967 வரையிலான 231 ஆய்வுகளை மதிப்பிட்ட அமெரிக்கச் சமூகவியலர் ராபர்ட் மார்ட்டின்சனின் 1974ஆம் ஆண்டுக் கட்டுரை, இத்திட்டங்களால் பயனில்லை என்னும் எண்ணத்தைப் பரப்பியது. 1979இல் அவரே தம் முடிவைத் திருத்திக்கொண்டார். திருத்தம் பெற்ற கவனம் குறைவு. பின்னர்க் கனடாவில் ஆண்ட்ரூஸ், போண்டா முதலியோர் 1990இல் முன்வைத்த கோட்பாடு, மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பின் அளவு, குற்றத்திற்கு இட்டுச்செல்லும் தேவைகள், திருந்துவோரின் இயல்புக்கும் கற்கும் திறனுக்கும் ஏற்ற முறை ஆகிய மூன்றையும் கருதுமாறு கூறுகிறது. மூன்றாவதன் சாயலை நாகர் மொழியில் நிகழ்ந்த அவ்வுரையாடலில் காணலாம். பௌத்த அறவுரையை இக்காலக் குற்றவியலோடு ஒன்றாக்குதல் பொருந்தாது எனினும், சிறைக்கோட்டக் காதையில் இச்சாயல்கூட இல்லை.

சாதுவன் கதைக்கும் எல்லை உண்டு. நாகர் வாக்கைக் காத்தனரா என நூல் பின்தொடர்ந்து கூறவில்லை. முன்னர்த் தாம் உண்ட மாந்தரிடமிருந்து எடுத்த சந்தனம், அகில், ஆடை, பிற செல்வம் யாவற்றையும் தலைவன் சாதுவனிடம் ஒப்படைக்கிறான். அவற்றோடு சந்திரதத்தன் கலத்தில் ஊர் திரும்பிய சாதுவன், ஆதிரையுடன் வாழ்ந்து தானம் பல செய்கிறான். அப்பொருளுக்கு உரியோரின் கிளைஞரை அவன் தேடியதாகக் குறிப்பு இல்லை.